கல் அம்மாவுக்கு, கையெழுத்து எனக்கு

மூணு வருஷம் கழித்து திருநெல்வேலி போயிருந்தேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிஸ்டர் ஃபைலோடு வந்தார். "பேஷன்ட்டோட அட்டெண்டர் யாரு? சார், இதுல சைன் போட்டுருங்க." முழுக்க இங்கிலீஷ். நாலு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அம்மா ரிட்டயர்டு டீச்சர். 34 வருஷம் ஊர்ப் பிள்ளைகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கை. "அவங்களே போடுவாங்களே" என்றேன். "வயசானவங்க பயந்துருவாங்க சார். பையன் போட்டாப் போதும்."

நாங்கள் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம்தான் பேசினார். அன்றைக்கு அதுவும் எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது.

இங்கே மட்டும் சட்டம் வேறா என்ன? 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பியதும் அவரையே கேட்டிருக்கலாம், உயிருக்கு அவசரமில்லை; தாயின் சம்மதம் செல்லாது என்றது கோர்ட். நஷ்ட ஈடு வெறும் 25,000 ரூபாய் என்பது தனிக் கதை.

இதையெல்லாம் சிஸ்டரிடம் சொல்ல முடியுமா? டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். சின்னப் பெண். சலித்துக்கொள்வாள் என்று பார்த்தால், லேப் பில்லின் பின்பக்கத்தில் கல்லீரலையும் பித்தப்பையையும் வரைந்து, எங்கே நாலு துளை, சமயத்தில் ஏன் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று பத்து நிமிஷம் அம்மாவிடமே பேசினாள். அந்தக் காலத்தில் எங்கள் டாக்டர் எல்லாவற்றையும் திண்ணையில் அப்பாவிடம்தான் சொல்வார். அம்மாவுக்கு வருவது மாத்திரை மட்டும்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இவன் லண்டன்ல இருந்து வந்து மானத்தை வாங்குறாம்மா" என்றபடியே நாலு இடத்திலும் முழுப் பெயரையும் எழுதினாள்.

மறுநாள் தியேட்டர் கதவு திறந்தது. சின்ன பாட்டிலில் ஏழு கல். "அட்டெண்டர் சார், பார்த்துட்டீங்கள்ல? இதுல ஒரு சைன்."