38,500 ரூபாய் போச்சு: பழைய டெலஸ்கோப் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. ஆத்திரம் அடங்காமத்தான் எழுதுறேன்.

எனக்குக் கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. டூரிஸ்ட் கார் ஓட்டுறேன். 2020 தொடக்கத்துல திருவாதிரை நட்சத்திரம் மங்கிப்போச்சே, ஞாபகம் இருக்கா? ரோகிணியை விட மங்கலா இருந்ததை என் வாசல்ல நின்னு வெறுங்கண்ணால பார்த்தேன். அன்னைக்குப் பிடிச்சது. ஒளி கூடிக் குறையுற நட்சத்திரத்தைப் பக்கத்துல இருக்கிறதோட ஒப்பிட்டு, இத்தனை மேக்னிட்யூட்னு (வெளிச்ச அளவு, எண் கூடக் கூட மங்கல்) நோட்டுல எழுதி, அமெரிக்காவுல 1911ல இருந்து இந்தக் கணக்கைச் சேர்க்கிற ஏஏவிஎஸ்ஓ சங்கத்துக்கு அனுப்புவேன்.

கையில இருக்கிறது ஒரு பைனாகுலர்தான். 9 மேக்னிட்யூடை விட மங்கினா தெரியாது. மகத்துக்குப் பக்கத்துல ஆர் லியோனிஸ்னு ஒண்ணு, ஏறக்குறைய 310 நாள்ல ஒரு சுற்று. நல்லா ஏறினா வெறுங்கண்ணுக்கே தெரியும், இறங்கினா 11 வரைக்கும் போயிடும். ஒவ்வொரு தடவையும் பாதியில தொலைச்சிடுவேன். அதை அடிவரைக்கும் விடாம பார்க்கணும்னுதான் போன சீசன்ல ராப்பகலா ஓட்டிச் சேர்த்தேன், 38,500.

பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல 8 இஞ்ச் டாப்சோனியன், அதாவது குழாய் அடியில 8 இஞ்ச் கண்ணாடி வச்ச டெலஸ்கோப், கண்ணுல பட்டுச்சு. போன் பண்ணேன். மூஞ்சிக்கல்லுல வண்டியை ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். "அண்ணே, நானும் மிரா நட்சத்திரம் பார்க்கிறவன்தான், அதோட 332 நாள் சுற்று எனக்கு மனப்பாடம். கண் ஆபரேஷன் ஆயிடுச்சு, அதான் விக்கிறேன். வேற யாருக்கும் குடுக்க மனசில்லை, உங்களை மாதிரி ஆளு கையில போனா எனக்கு நிம்மதி"ன்னான். அந்த வார்த்தையிலதான் விழுந்தேன். அந்த 332ஐ யார் வேணா தேடிப் படிச்சுச் சொல்லலாம்னு அப்ப உறைக்கலையே! கண்ணாடி படம் கேட்டேன், பளபளன்னு ஒண்ணு அனுப்பினான். அங்கேயே முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன்.

வத்தலக்குண்டு பார்சல் ஆபீஸ்ல நானே போய் எடுத்தேன். பின் சீட்ல வச்சு பெல்ட் மாட்டி, டம்டம் பாறை வளைவுல எல்லாம் குழந்தையைக் கூட்டிட்டு வர்ற மாதிரி ஏத்திட்டு வந்தேன்.

ராத்திரி வானம் சுத்தமா இருந்துச்சு. ஒப்பிடுறதுக்கு வச்சிருக்கிற, பைனாகுலர்லயே பளிச்சுன்னு தெரியுற 19 லியோனிஸ் நட்சத்திரத்தைச் சுத்திப் பால் கொட்டின மாதிரி வெளிச்சம். பக்கத்துல ஆர் லியோனிஸ் அதுக்குள்ள கரைஞ்சு கிடக்கு. ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட முடியாதுன்னா அந்த டெலஸ்கோப் எனக்கு எதுக்கு? குழாய்க்குள்ள டார்ச் அடிச்சேன். கண்ணாடி ஓரமெல்லாம் பெரணி இலை மாதிரி பூஞ்சை கிளை விட்டிருக்கு. நடுவுல எவனோ துணியால வட்ட வட்டமா அழுத்தித் தேச்சிருக்கான், அலுமினியப் பூச்சே போயி அடிக்கண்ணாடி தெரியுது.

கூப்பிட்டேன். "துடைச்சா போயிடும்ணே." மறுநாள், "உங்க ஊர் பனியில பிடிச்சிருக்கும்." வந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள எந்தப் பனிடா பூச்சைத் தேய்க்கும்? அடுத்து, "லாரில ஆடியிருக்கும்." அப்புறம் ஊர்ல இல்லைன்னான், கடைசியில நம்பரையே பிளாக் பண்ணிட்டான். ஆப்காரங்களுக்கு எழுதினா, வாங்குறவர் விக்கிறவர் நடுவுல நாங்க பொறுப்பில்லைன்னு நாலு தடவையும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறல. 38,500 ரூபாய்ங்க. ஒரு சீசன் முழுக்க நான் தூங்காத தூக்கம்.

சைபர் மோசடிக்கான 1930 நம்பருக்கு அடிச்சுப் புகார் பதிஞ்சிருக்கேன். என்ன ஆகுதுன்னு பார்க்கணும்.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. நேர்ல போகாம வாங்காதீங்க. போக முடியலைன்னா, வீடியோ கால்ல குழாய் வாய் வழியா டார்ச் அடிச்சு அடிக்கண்ணாடியைக் காட்டச் சொல்லுங்க, போட்டோவை நம்பாதீங்க. முழுப் பணம் முன்னாடியே வேண்டாம்.

இன்னொண்ணு. இன்னைக்குக் காலையில அதே ஆப்ல, வேற பேர்ல, எனக்கு அனுப்பின அதே படங்கள் திரும்ப வந்திருக்கு. இப்ப விலை 36,000. மொசைக் தரை, பக்கத்துல சுருட்டி வச்ச நீலப் பாய், குழாய் மேல வெள்ளை ஸ்டிக்கர். அந்தப் படத்தைப் பார்த்தா போன் பண்ணிடாதீங்க.