வெளியில் வாங்கிய வீலுக்கு எந்த லக் நட் பொருந்தும்? பந்தயக் காருக்கான ஓர் ஒப்பீட்டு அலசல்

காரோடு வந்த வீல்களைக் கழற்றிவிட்டு, பந்தயத்துக்கென வெளியில் வாங்கிய அலாய் வீல்களைப் பூட்டும்போது, பழைய நட்டுகளையே திரும்பப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஹப்பிலிருந்து (வீல் பூட்டப்படும் மையப்பகுதி) நீளும் மரையுள்ள கம்பியான ஸ்டட் மாறவில்லை, மரையும் மாறவில்லை, நட்டும் தடையின்றி ஏறுகிறது. ஆனால் நட்டின் மரையை முடிவு செய்வது மட்டும்தான் காரின் வேலை. அதன் அடிப்பாகத்தின் வடிவத்தை முடிவு செய்வது வீல். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பூட்டிய வீல், நிறுத்தி வைத்த காரில் எந்தக் குறையையும் காட்டாது. வளைவுகளில் பக்கவாட்டு விசையும் பிரேக்கின் சூடும் மாறிமாறித் தாக்கும்போதுதான் தளரத் தொடங்கும். ஆகவே எந்த உலோகம், எவ்வளவு எடை, என்ன நிறம் என்ற கேள்விகளுக்கு முன்பாக, நட் வீலில் அமரும் இடத்தைப் பற்றிப் பேசுவதே முறை.

அமர்விடத்தில் போட்டியிடும் வடிவங்கள் மூன்று. முதலாவது கூம்பு வடிவம். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மாற்று வீல்கள் 60 பாகைக் கூம்புக்காகவே துளையிடப்படுகின்றன. இரண்டாவது உருண்டை வடிவம். ஹோண்டா தன் கார்களில் 12 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டை நட்டையும், போர்ஷே 14 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டை அமர்விடத்தையும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. மூன்றாவது, வாஷரோடு கூடிய தட்டை வடிவம். டொயோட்டாவின் பல அலாய் வீல்களில் இதைக் காணலாம். அதன் அடியில் குழாய்போல நீளும் தண்டு ஒன்று வீலின் துளைக்குள் இறங்கும்.

உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் என்ன நேரும் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பார்வைக்கு மிக நெருக்கமாக இருக்கும் இந்த இரண்டும்தான் அடிக்கடி மாறிப்போகின்றன. கூம்பு கூம்பில் அமரும்போது அகலமான ஒரு வளையம் முழுவதும் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. உருண்டை கூம்பில் அமரும்போதோ, மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொடுகிறது. முறுக்கும் விசை முழுவதும் அந்தக் கோட்டின் மேல் குவிவதால் அலுமினியம் அங்கே நசுங்குகிறது. நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் இழுவிசை, அதாவது வீலை ஹப்போடு சேர்த்து அழுத்தும் விசை, குறைகிறது. இழுவிசை குறைந்ததும் வீல் ஹப்பின் மேல் நுண்ணிய அளவில் நகரத் தொடங்குகிறது. அந்த நகர்வு அமர்விடத்தை மேலும் அரிக்கிறது. முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் சரியான எண்ணில் சொடுக்கியிருந்தாலும் இந்தச் சங்கிலியை அது தடுக்காது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நட்டின் அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவின் மையையோ, பொறியாளர்கள் பயன்படுத்தும் நீலச் சாயத்தையோ தடவி, கையால் ஏற்றி, லேசாக மட்டும் இறுக்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். துளையில் அகலமான வளையமாக மை ஒட்டியிருந்தால் பொருத்தம் சரி. மெல்லிய கோடாகவோ ஒரு பக்கத்தில் மட்டுமோ ஒட்டியிருந்தால் அந்த நட் அந்த வீலுக்கு உரியதல்ல. புதிய வீல் வாங்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையை நான் வலியுறுத்துவேன், விற்றவர் எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தாலும்.

தண்டுள்ள தட்டை நட்டுக்குத் தனிச் சிறப்பும் தனி ஆபத்தும் உண்டு. வீலைக் கூர்மையாக அழுத்தாமல் வாஷர் வழியாகப் பரவலாக அழுத்துவது அதன் சிறப்பு. மரை துளைக்குள்ளேயே தொடங்குவதால் குட்டையான ஸ்டட்டிலும் போதிய பிடிப்பு கிடைப்பது இன்னொரு சிறப்பு. ஆபத்து தண்டின் நீளத்தில் இருக்கிறது. துளையின் ஆழத்தைவிடத் தண்டு நீளமாக இருந்தால், வாஷர் வீலை அழுத்துவதற்கு முன்பே தண்டின் முனை ஹப்பை முட்டிவிடும். அப்போது நட் இறுகியதாகக் கைக்குத் தோன்றும், வீலோ பிடிபடாமல் நிற்கும். எனவே இந்த வகையை அதற்கெனத் துளையிட்ட வீலில் மட்டுமே, ஆழத்தை அளந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மையப்படுத்தும் வேலையையும் இங்கேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. பல வகைக் கார்களுக்கும் பொதுவாகச் செய்யப்படும் மாற்று வீல்களின் மையத் துளை பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டர், ஹோண்டாவின் பல கார்களில் ஹப்பின் விளிம்பு 64.1, டொயோட்டாவில் 60.1, சுபாருவில் 56.1. இடையே வளையம் போடாவிட்டால் வீலை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் தலையில் விழுகிறது. கூம்பு நட் தானாகவே வீலை நடுவுக்கு இழுக்கும். வாஷரோடு கூடிய தட்டை நட்டில் தண்டுக்கும் துளைக்கும் இடையிலான இடைவெளி அளவுக்கே துல்லியம் கிடைக்கும். வளையம் போட வாய்ப்பில்லாத வீலில் கூம்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இது கூடுதல் காரணம்.

மரையின் விஷயத்தில் தெரிவு என்று எதுவும் இல்லை, சரியும் தவறும் மட்டுமே உண்டு. டொயோட்டா, ஹோண்டா, மிட்சுபிஷி, மஸ்டா ஆகியவற்றில் பெரும்பாலும் எம் 12×1.5 (விட்டம் 12 மில்லிமீட்டர், மரைகளுக்கு இடைவெளி 1.5 மில்லிமீட்டர்); நிசான், சுபாரு, சுசுகி ஆகியவற்றில் பெரும்பாலும் எம் 12×1.25. 2014 வரையிலான ஃபோர்ட் மஸ்டாங்கில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை. 2015 முதல் எம் 14×1.5. இடைவெளி மாறிய நட் சில சுற்றுகள் ஏறிவிட்டுப் பிறகே இறுகும் என்பதால், முதல் சுற்றிலிருந்தே இம்பாக்ட் கன் என்ற விசைக் கருவியைப் பிடிப்பவருக்குத் தவறு தெரிவதற்குள் ஸ்டட் நாசமாகிவிடும். அரை அங்குல நட் எம் 12×1.25 ஸ்டட்டில் தளர்வாக ஏறிவிடும் என்பது இதைவிடக் கொடியது. அங்கே மரையின் ஒரு பகுதி மட்டுமே மரையைப் பற்றியிருக்கும். ஒவ்வொரு நட்டையும் விரலால் முழுமையாக ஏற்றிப் பார்த்த பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

அடுத்தது, முனை திறந்த நட்டா, மூடிய நட்டா என்ற கேள்வி. சாலைக் காரில் மூடிய நட் மரையை நீரிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காக்கிறது, பார்வைக்கும் நேர்த்தியாக இருக்கிறது. பந்தயக் காரில் அந்த நேர்த்திக்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து. மரை எவ்வளவு தூரம் பற்றியிருக்கிறது என்பதை மூடிய நட்டில் கண்ணால் காண முடியாது. ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளத்துக்காவது மரைப்பிடிப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. இழுவைப் பந்தய அமைப்பின் விதி. எந்த வகைப் பந்தயத்துக்கும் அது நல்ல அளவுகோல். சுற்றுக் கணக்கில் சொன்னால், எம் 12×1.5 ஸ்டட்டில் 8 முழுச் சுற்றுகள், எம் 12×1.25 ஸ்டட்டில் ஏறத்தாழ 10, எம் 14×1.5 ஸ்டட்டில் 9 சுற்றுகளுக்குச் சற்று மேல், அரை அங்குல ஸ்டட்டில் 10. மாற்று வீலின் அடித்தளம் பழையதைவிடத் தடிமனாக இருந்தாலோ, வீலுக்கும் ஹப்புக்கும் இடையில் ஸ்பேசர் எனும் தட்டு சேர்ந்தாலோ இந்தக் கணக்கு உடனே சுருங்கிவிடும். அதைச் சரிசெய்ய நீளமான ஸ்டட் போட்டவருக்கு மூடிய நட் வேறொரு விதத்தில் பகையாகிறது: ஸ்டட்டின் முனை நட்டின் மூடியில் முட்டி, ரெஞ்ச் சொடுக்கி, வீல் மட்டும் பிடிபடாமல் போகும். திறந்த நட்டில் ஸ்டட் வெளியே நீண்டு நிற்பதைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம். வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து வைப்பது மட்டுமே அதற்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு.

இனி, வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வியான உலோகத்துக்கு வரலாம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், டைட்டானியத்தின் 6-4 கலவைக்கு 4.43, 7075 என்ற வலுவான அலுமினியக் கலவைக்கு 2.81. எஃகில் 60 கிராம் வரும் ஒரு நட், அதே வடிவத்தில் டைட்டானியத்தில் 34 கிராமும் அலுமினியத்தில் 21 கிராம் அளவிலும் வரும். இருபது நட்டுகளுக்கு, அலுமினியத்தால் முக்கால் கிலோவும் டைட்டானியத்தால் அரைக் கிலோவும் மிச்சம். சஸ்பென்ஷன் தாங்காத எடை என்பதாலும் சுழலும் எடை என்பதாலும் இதற்குப் பெருமதிப்பு உண்டு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. முதல் பாதி உண்மை; இரண்டாம் பாதியைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். சுழற்சியின் எதிர்ப்பு ஆரத்தின் இருமடிக்கேற்ப மாறுகிறது. ஸ்டட்டுகள் அமைந்த 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும் நட் அச்சிலிருந்து 57 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது. டயரின் ஓடுபரப்போ சுமார் 300 மில்லிமீட்டர் தொலைவில். ஆகவே நட்டில் குறைத்த ஒரு கிராம், சுழற்சியைப் பொறுத்தவரை, டயரின் விளிம்பில் குறைத்த ஒரு கிராமில் ஏறத்தாழ 28-ல் ஒரு பங்கு பயனையே தரும். எடை குறைந்த டயரோ ரிம்மோ இதைவிடப் பன்மடங்கு பலன் தரும்.

அந்தச் சிறு ஆதாயத்துக்கு அலுமினியம் கேட்கும் விலை அதிகம். 7075 அலுமினியம் தன் முழு வலுவைப் பெறுவதே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பதப்படுத்தப்படுவதால்தான். அந்த வெப்பத்தைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் அதே பதம் கெடத் தொடங்குகிறது. பந்தயத்தில் பிரேக் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அந்தச் சூடு ஹப் வழியாக ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் பரவுகிறது. கடினமான எஃகு ஸ்டட்டின் மேல் மென்மையான அலுமினிய மரை ஒவ்வொரு பூட்டலிலும் கழற்றலிலும் தேய்கிறது. இம்பாக்ட் கன் அதன் ஆறுமுகத் தலையை உருட்டிவிடுகிறது. ஒரே நாளில் நான்கைந்து முறை வீல் மாற்றும் காருக்கு இது ஏற்றதல்ல. வீலை அபூர்வமாகவே கழற்றி, கையால் மட்டுமே பூட்டும் காட்சிக் காருக்கு அலுமினியம் போகட்டும்.

டைட்டானியம் வலுவில் எஃகுக்கு நிகராக நிற்கிறது, வெப்பத்தையும் தாங்குகிறது, துருப்பிடிப்பதும் இல்லை. அதன் பலவீனம் உரசலில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு. உராய்வுத் தடுப்புப் பசை இல்லாமல் ஏற்றினால் மரை மரையைக் கவ்விக்கொண்டு, கழற்றும்போது ஸ்டட்டையே முறித்துவிடக்கூடும். பசை தடவினாலோ முறுக்குவிசையின் கணக்கு மாறிவிடுகிறது. ஹோண்டா சொல்லும் 108 நியூட்டன் மீட்டரை உலர்ந்த எம் 12 ஸ்டட்டுக்குக் கொடுத்தால், வழக்கமான கணக்கின்படி சுமார் 45 கிலோநியூட்டன் இழுவிசை கிடைக்கும், அதாவது ஒரு ஸ்டட்டுக்கு நாலரை டன்னுக்கும் மேற்பட்ட பிடி. மரை வழுக்குவதால் உராய்வு கால் பங்கு குறைந்துவிட்டால், அதே 108 நியூட்டன் மீட்டர் 60 கிலோநியூட்டனாக ஏறிவிடும். 10.9 என்ற வலிமை வகுப்பைச் சேர்ந்த எம் 12×1.5 ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை சுமார் 73 கிலோநியூட்டன். வளைவின் சுமையும் அதன் மேல் சேரும்போது மிச்சம் மிகக் குறைவு. எனவே டைட்டானியத்தை வாங்குவோர், எந்தப் பசை, அதற்கு எந்த முறுக்குவிசை என்பதைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெற்று, அதிலிருந்து விலகாமல் நடக்க வேண்டும். அந்த ஒழுங்கு உள்ள அணிக்கு அது மிகச் சிறந்த நட். மற்ற எல்லோருக்கும் குரோமியம்-மாலிப்டினம் கலந்த, அடித்து உருவாக்கிய எஃகு நட்டே என் பரிந்துரை. எஃகிலும் ஒரு வகையை விலக்க வேண்டும்: மெல்லிய பளபளத் தகடு போர்த்திய நட்டில், தகட்டுக்கடியில் துரு ஏறித் தலை வீங்கினால் சாக்கெட் நுழையாது.

ஒரே துண்டாக உள்ள நட்டுக்கும், அடியில் தனியாகச் சுழலும் கூம்பு வளையம் கொண்ட நட்டுக்கும் இடையிலான போட்டி இதைவிடச் சுவையானது. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடியில் உராய்வாகவே செலவாகிறது. ஸ்டட்டை இழுப்பதற்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரே துண்டு நட் ஒவ்வொரு முறையும் அலுமினிய அமர்விடத்தைத் தேய்த்துக்கொண்டே சுழல்வதால், அந்த உராய்வு பூட்டலுக்குப் பூட்டல் மாறுகிறது, துளையும் மெல்ல அகலமாகிறது. சுழலும் வளையம் வீலின் மேல் அசையாமல் அமர்ந்துகொள்ள, எஃகின் மேல் எஃகு மட்டுமே சுழல்கிறது. இழுவிசை சீராகக் கிடைக்கிறது, வீலும் பிழைக்கிறது. எஃகு உறை பதிக்காத மென்மையான வீலுக்கு இதற்கான கூடுதல் செலவு தகும். துளையில் எஃகு உறை பதித்த வீலாக இருந்தால் ஒரே துண்டு நட்டே போதும்.

தலையின் வடிவத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. தனிச் சாவி கேட்கும் பல்வரித் தலை, குறுகிய துளைக்குள் நுழையும், திருட்டையும் தடுக்கும். ஆனால் சாவி தொலைந்தாலோ உடைந்தாலோ காரே நின்றுவிடும். மெல்லிய சுவருள்ள சாக்கெட் நுழையும் இடத்தில் 17 அல்லது 19 மில்லிமீட்டர் ஆறுமுகத் தலையே வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் புதிய வீலின் அமர்விடத்தில் வண்ணப்பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பூச்சு சூட்டில் நசுங்கினால் அதன் தடிமன் அளவுக்கு இழுவிசை குறைந்துவிடும் என்பதால், முதல் ஓட்டம் முடிந்து வீல் முழுவதும் ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அப்போது நட்டிலும் வீலிலும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு இழுத்து வைத்தால், அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு எந்த நட் நகர்ந்திருக்கிறது என்பதைத் தொடாமலேயே காணலாம். ஒரே நட் திரும்பத் திரும்ப நகர்ந்தால், அதை மேலும் இறுக்காமல் வீலைக் கழற்றி, அந்தத் துளையையும் ஸ்டட்டையும் மை தடவிச் சோதிக்க வேண்டும்.