சாம்பல் சத்துப் பரிசோதனைப் பெட்டி: கையேட்டில் விடுபட்ட பக்கம்

மண்ணிலுள்ள சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை, வீட்டிலேயே அளந்து பார்க்க உதவும் இந்தச் சிறு பெட்டியை இரண்டு பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மண்ணைக் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, வடிநீரில் பொடியைச் சேர்த்தால் வெண்ணிறக் கலங்கல் உண்டாகும். கலங்கலின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். செய்முறை எளிது, குப்பிகளும் உறுதியானவை.

குறை கையேட்டில்தான் இருக்கிறது. மண்ணை உலர்த்திக்கொள்ளுமாறு ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஈரத்தைப் பற்றிய பேச்சை அது முடித்துக்கொள்கிறது. ஒரே பாத்தியில் எடுத்த மண்ணின் ஒரு பாதியை ஈரமாகவும் மறுபாதியை வெயிலில் காயவைத்தும் சோதித்தேன். நீரின் எடையைக் கழித்துக் கணக்கிட்ட பிறகும், காய்ந்த மண்ணில்தான் கலங்கல் மிகுதியாக இருந்தது. இதைப் பெட்டியின் பிழை என்று சொல்ல முடியாது. பொட்டாசியம் குறைந்த மண் காயும்போது களிமண்ணின் நுண்ணிய தகடுகளுக்கு இடையே அகப்பட்டிருந்ததில் ஒரு பகுதி வெளிவரக்கூடும் என்பதும், பொட்டாசியம் மிகுந்த மண்ணில் இதற்கு நேர்மாறாக அது தகடுகளுக்குள் போய் அடைபட்டுக்கொள்ளலாம் என்பதும் மண்ணியலார் நன்கறிந்தவையே. ஆனால் கையேட்டை மட்டும் நம்பி உரமிடுபவருக்கு இது எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அட்டை ‘போதுமானது’ என்று காட்டிய அதே பாத்தியில், நீர் குறைந்த வாரங்களில் பொட்டாசியப் பற்றாக்குறையின் அறிகுறியாக முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. வேரைச் சென்றடையும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு மண்துகள்களைச் சூழ்ந்த மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே விரவித்தான் வருகிறது. மண் காயக் காயப் படலம் மெலிந்து, பாதையும் வளைந்து நீண்டுவிடுவதால், சத்து மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை. குளிர்ந்த மண்ணில் இந்த விரவலும் வேரின் வளர்ச்சியும் சேர்ந்தே மந்தமாகின்றன. பல பயிர்களின் வேர்கள் பொட்டாசியத்தை நன்றாக உறிஞ்சுவது மிதமான மண்வெப்பத்தில்தான். நீர் தேங்கினாலும் தீங்குதான். ஆக்சிஜன் கிடைக்காத வேருக்கு உறிஞ்சும் ஆற்றல் குன்றிவிடும்.

மண்ணில் உள்ள இருப்பை அறிய இந்தப் பெட்டி உதவும் என்பதால் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பருவத்தில், ஒரே ஆழத்தில், ஒரே அளவு ஈரத்தில் மண்ணெடுத்தால்தான் இவ்வாண்டின் அளவைச் சென்ற ஆண்டினதோடு ஒப்பிட முடியும். மண்ணெடுக்கும்போது வெப்பத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பமானி பெட்டியில் இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும்.