விளக்கைத் துண்டித்த பிறகு: முகத்து முடி எடுக்கும் சிறு மிஷினோடு இரண்டு ஆண்டுகள்

தை மாதத்தில் கல்யாணம் வைத்திருக்கும் சித்தி மகள் போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, லிப்ஸ்டிக் மாதிரி ஒரு மிஷின் வாங்கினீங்களே, அது இன்னும் ஓடுதா? இப்ப பாதி விலைக்குப் போட்டிருக்காங்க, வாங்கட்டுமா?" வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாரம் இருமுறை முகத்தில் வைத்து ஓட்டிய பொருளைப் பற்றி ஒரு சொல்லில் பேச என் கோபமும் விடவில்லை, நன்றியும் விடவில்லை.

மிஷினை விளக்க வேண்டியதில்லை. வட்டத் தலை, அதன்மேல் தங்கமுலாம் பூசிய மெல்லிய சல்லடை, அடியில் சுழலும் கத்தி, ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்கு, கீழே சார்ஜ் செய்யும் துளை. எல்லாக் கடைகளிலும் தொங்குகிற அதே சாமான்தான். நான் 900 ரூபாய்க்கு வாங்கினேன். சொல்ல வேண்டியது என் தோலைப் பற்றி. கவரிங் தோடு போட்டால் மூன்றாம் நாளே காதில் நீர் கசியும் தோல் இது. பார்லரில் மேலுதட்டுக்கு த்ரெடிங் செய்துகொண்டால், அன்று மாலை வரை சிவந்திருந்து, இரண்டாம் நாள் வெள்ளை முனையோடு சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பும். நூல் முடியை வேரோடு இழுப்பதால் வேர்க்குழி புண்ணாகிறது என்றும், சென்னை வியர்வை மீதியைப் பார்த்துக்கொள்கிறது என்றும் தோல் மருத்துவர் சொன்னார்.

அதற்குப் பயந்து கிரீமுக்குப் போனேன். முகத்துக்கென்றே விற்கிற வகைதான். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் காத்திருந்து பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடத்தில் துடைக்கச் சொல்லியிருந்த இடத்தில், கேஸ் சிலிண்டர்காரர் அழைப்பு மணியை அடித்ததால், பத்து நிமிடம் கடந்துவிட்டது. இத்தகைய கிரீம்களில் இருக்கும் தயோகிளைகோலேட் உப்பு, காரத்தன்மையின் துணையோடு முடியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தின் பிணைப்புகளை உடைத்து அதைக் கூழாக்குகிறது. தோலின் மேலடுக்கும் அதே கெரட்டினால் ஆனது என்பதால், முடி எது, தோல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எரிச்சல் மூன்று நாளில் அடங்கியது. அதன்பின் வந்த பழுப்புக் கறை நான்கு மாதம் இருந்தது. எடுக்கப்போன பூனைமுடியை விட அந்தக் கறைதான் மீசை போலத் தெரிந்தது என்பதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அப்போது சிரிக்கவில்லை. நம்முடைய மாநிறத் தோலில் சின்ன அழற்சிகூட இப்படி நிறம் விட்டுப் போவது மிகச் சாதாரணம்.

மிச்சம் இருந்தது கத்தி ஒன்றுதான். அம்மா அதற்கு ஒப்பவில்லை. "ஒரு தடவை பிளேடு பட்டுச்சுன்னா அப்பா மாதிரி தாடிதான்" என்பது அவர் கட்சி. மழிப்பதால் முடி தடிப்பதுமில்லை, வேகமாக வளர்வதுமில்லை என்பதை மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் 1928-இலேயே அளந்து பார்த்து எழுதிவிட்டார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்திருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். விரலில் குத்துவது அந்த மொட்டை நுனிதான். அம்மா இதை நம்பவில்லை. ஆனால் என் முகத்தை இரண்டு ஆண்டுகளாக உற்றுப் பார்த்துவிட்டு, இப்போது எதுவும் சொல்வதில்லை.

இந்த மிஷின் என் தோலுக்குச் செய்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கத்தி நேராகத் தோலைத் தொடுவதில்லை. சல்லடைத் துளைக்குள் நுழைகிற முடியை மட்டுமே அது வெட்டுகிறது. இரண்டு ஆண்டுகளில் ஒரு பரு இல்லை, ஒரு கீறல் இல்லை, கறை இல்லை. வேர் உள்ளேயே இருப்பதால் மோவாயில் நான்கைந்து நாளிலும் மேலுதட்டில் ஒரு வாரத்திலும் திரும்ப வந்துவிடும் என்பது உண்மை; அந்த வேலையை நான் பொருட்படுத்தவில்லை. நம் ஊருக்கென்று ஒரு முறையை மட்டும் நானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குளித்த கையோடு எடுக்கக் கூடாது. ஈரத்தில் முடி தோலோடு படிந்துவிடுவதால் துளைக்குள் போகாது. மின்விசிறிக்கடியில் கால் மணி நேரம் உட்கார்ந்து, முகம் நன்றாகக் காய்ந்தபின், வாசனையில்லாத பவுடரை லேசாக ஒற்றி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, அழுத்தாமல் சின்ன வட்டங்களாக ஓட்ட வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் இதை இரவில் மட்டுமே செய்கிறேன், எடுத்த முகத்தோடு உடனே வெயிலில் இறங்க வேண்டாம் என்பதற்காக.

இவ்வளவும் நல்லதுதான். அந்த விளக்குதான் என் பகை. பெட்டியின் மேல் மிகப் பெரிய எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்த வசதியும் அதுவே. சுவிட்சைத் தள்ளினால் மோட்டாரோடு அதுவும் எரியும். தனியாக அணைக்க வழியில்லை. முதல் மாதம் முழுவதும், குளியலறைக் கண்ணாடி முன் நின்று, அந்த வெள்ளை வெளிச்சத்தில் மோவாயைப் பார்த்து, ஒன்றும் மிச்சமில்லை என்று திருப்தியோடு கிளம்பினேன். ஒருநாள் காலை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, அதிசயமாகக் கிடைத்த ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, பொட்டு சரியாக இருக்கிறதா என்று கைபேசியில் முகத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மோவாயின் இடது ஓரத்தில் ஏழெட்டு முடிகள், ஒவ்வொன்றும் தன் நிழலோடு, பயிர் போல நின்றன. எதிரில் இருந்த அம்மாள் என்னையே பார்ப்பது போல ஒரு கூச்சம். கோட்டை நிலையம் வரை முந்தானையால் மோவாயை மூடிக்கொண்டே போனேன்.

காரணம் புரிய எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. மெல்லிய முடியை நம் கண் அதன் நிழலால்தான் கண்டுபிடிக்கிறது. பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில் நிழல் நீளும், முடி எழுந்து நிற்கும்; நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சமோ நிழலை முடிக்கடியிலேயே ஒளித்துவிடும், தோல் வழுவழுப்பாகத் தெரியும். மிஷினின் விளக்கு தலைக்கு அருகிலேயே பதிந்திருந்து, வேலை நடக்கும் இடத்தை நேராகப் பார்த்து எரிகிறது. எந்த முடியை எடுக்க வேண்டுமோ அந்த முடியை மறைப்பதற்கென்றே ஒரு விளக்கு! கண்ணில் கூசுவது தனி. மாலை நான்கரை மணிக்கு மேற்குப் பக்க பால்கனிக் கதவருகே கைக்கண்ணாடியோடு உட்கார ஆரம்பித்தபோதும், சாய்வெயில் காட்டிக்கொடுத்ததை இந்த விளக்கு அழித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்தேன். முகத்தின் எண்ணெயில் டேப் நழுவி, அதன் பசை சல்லடையில் ஏறியது.

போன மாதம் சுவிட்ச் பழுதானது. தள்ளினால் ஓடும், கையை எடுத்தால் நிற்கும். ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படியின் கீழ் மேசை போட்டிருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். "இது என்ன மேடம், டார்ச்சா?" என்றார். முகத்து முடி எடுப்பது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "ஓ, எங்க அம்மாகிட்டயும் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தலையைக் கழற்றி, பழக்கத்தில் ஊதிவிட்டார். பவுடரும் முடித்தூளும் கலந்த சாம்பல் நிறப் புகை ஒன்று எழுந்து அவருடைய மல்டிமீட்டர் மேல் அமர்ந்தது. நான் அண்ணா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவிட்சை மாற்றி முடித்தபோது, அந்த விளக்கின் கம்பியை வெட்டிவிட முடியுமா என்று கேட்டேன். எரிகிற விளக்கை எதற்கு வெட்ட வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. பேட்டரி நீடிக்கும் என்று ஒரு காரணம் சொன்னேன். மோட்டார்தான் தின்கிறது, விளக்கு எடுப்பது சொற்பம் என்று அவர் நேர்மையாகத் திருத்தினார். பிறகு ஒரே வெட்டு. மொத்தக் கூலி 120 ரூபாய்.

அன்று மாலை பால்கனியில் உட்கார்ந்து எடுத்ததுதான், இந்த மிஷினை வாங்கிய நாளிலிருந்து நான் எடுத்ததிலேயே சுத்தமானது. 900 ரூபாய்ப் பொருளை 120 ரூபாய் கொடுத்துக் கெடுத்த பிறகுதான் அது உருப்பட்டது.

இனி சித்தி மகளுக்கு. கல்யாணத்துக்கு முந்தின நாள் எதையும் முதன்முதலாக முகத்தில் முயல வேண்டாம். ஒரு மாதம் முன்பே தாடைக்கு அடியில் சின்ன இடத்தில் ஓட்டிப் பார். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது என்று சித்தி சொன்னார். அதோடு மோவாயில் தடித்த முடியும் வருகிறதென்றால், மிஷினுக்கு முன் மருத்துவரைப் பார், ஏனென்றால் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலில் முடி ஓர் அறிகுறி மட்டுமே. ஒன்றரை ஆண்டில் என் சல்லடையின் விளிம்பில் தங்கமுலாம் தேய்ந்து வெள்ளை உலோகம் வெளியே வந்தது. அடுத்த வாரமே மோவாயில் வளையமாகச் சிவந்தது. என் காதுகளுக்குக் கவரிங் தோட்டைப் பற்றித் தெரிந்தது மோவாய்க்கும் தெரிந்திருந்தது. மாற்றுத் தலை தனியாகக் கிடைக்குமா என்று ரங்கநாதன் தெரு முதல் பாரிமுனை வரை கேட்டுவிட்டேன். எல்லாக் கடைக்காரர்களும் சொன்ன பதில் ஒன்றுதான்: முழு செட்டாகத்தான் வரும். கடைசியில் தலைக்காகவே இன்னொரு முழு மிஷினை வாங்கி, அதன் தலையைப் பழையதில் மாட்டியிருக்கிறேன். தலையில்லாத புது உடல் அலமாரியில் விளக்கோடு கிடக்கிறது.

ஆகவே வாங்காதே என்று அவளுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: "அப்ப உங்களோடதை எனக்குக் குடுத்துடுங்க அக்கா, தலை மட்டும் நான் வாங்கிக்கிறேன்." தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.