தடைக்காலத்தில் பார்த்த நான்கு கடல் படங்கள்: பாம்பனிலிருந்து மதிப்பெண்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், அந்த இரண்டு மாதங்களும் எங்கள் பாம்பனில் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், வர்ணம் அடிப்பதும், வலை தைப்பதுமாகப் பகல் கழிந்துவிடும். இரவில் படம் பார்ப்பது சில ஆண்டுகளாக எங்கள் வீட்டு வழக்கம். 2025ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் பார்த்தவற்றுள் கடலோடு தொடர்புடைய நான்கு படங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவன், கடலுக்குப் போகிறவன் அல்லன். ஆனால் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் முப்பது ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டும் என் சித்தப்பா என்பதால், கீழே வரும் மதிப்பெண்களில் பாதி அவருடையவை.

இதில் ஒரு குழப்பமும் நேர்ந்தது. இறாலை நாங்கள் கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று எண்ணித்தான் ரகம் பிரிப்போம். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டதும் சித்தப்பா அதே பழக்கத்தில் பிடித்த படத்துக்கு ஒன்றும் பிடிக்காத படத்துக்கு ஐந்துமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது படத்தில்தான் அது எனக்கு விளங்கியது. கீழே உள்ளவை திருத்தப்பட்ட எண்கள்.

முதலில் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. மே 1 அன்று வெளியான இந்தப் படத்தை, அந்த மாதத்திலேயே ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போய்த் திரையரங்கில் பார்த்தோம். பெயர் சொல்ல விரும்பாத அந்தத் திரையரங்கில் இடைவேளைக்குப் பிறகு ஏசி ஓடவில்லை. எங்கள் பக்கத்து ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. இலங்கைத் தமிழில் மெல்லிய குரலில் பேசும் ஒரு படத்தில் பாதி வசனம் காதில் விழாமல் போனால் மிஞ்சுவது என்ன? ஜூன் மாதத்தில் அது ஓடிடிக்கு வந்ததும் வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்த பிறகே மதிப்பெண் கொடுக்க மனம் வந்தது.

பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகப் படகேறி, இரவில் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்குகிறது தர்மதாஸின் குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு மகன்கள். கரையில் ஒரு போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டு, அவருடைய இரக்கத்தால் தப்பிச் சென்னைக்குப் போய் ஒரு காலனியில் குடியேறுகிறார்கள். அதன் பிறகு கதையில் கடல் இல்லை. இருந்தும், கரையோர மனிதர்களை எனக்கு நினைவூட்டியது நான்கு படங்களில் இதுதான். வந்து இறங்கியவனிடம் ஊரையும் பேரையும் விசாரிப்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேட்கும் பழக்கத்தை, இங்கே அந்தக் குடும்பம் தன்னோடு கொண்டுபோய் ஒரு நகரத்துக் காலனிக்குக் கற்றுக்கொடுக்கிறது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னே தனித்தனியாக வாழ்ந்த அண்டை வீட்டார், தர்மதாஸ் போய் நின்று பேசப் பேச, ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்குகிறார்கள். குமரவேலும் ஸ்ரீஜா ரவியும் நடித்த முதிய தம்பதியின் பகுதி அளவாகவும் ஆழமாகவும் இருந்தது. என் அம்மா அங்கே கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அபிஷன் ஜீவிந்த்துக்கு இது முதல் படம் என்பதை நம்ப முடியவில்லை.

ஆனால் தரை இறங்கும் அந்தத் தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. 2022 மார்ச் மாதத்திலிருந்து நெருக்கடிக்குத் தப்பிக் குடும்பங்கள் வரத் தொடங்கியபோது, படகுக்காரர்கள் பல வேளைகளில் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நாற்புறமும் கடல், நிற்க ஒரு மணல் மேடு, கையில் பிள்ளை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட் போய் மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதன் பிறகு மரைன் போலீஸ் விசாரணை, அதன் பிறகு மண்டபம் அகதிகள் முகாம். படம் இந்த மூன்றையும் ஒரு போலீஸ்காரரின் நல்ல மனத்தால் தாண்டிவிடுகிறது. “இப்படி விட்டுருவாங்களா சித்தப்பா?” என்று கேட்டேன். “விடமாட்டாங்க. விட்டா எப்படி இருக்கும்னு எடுத்திருக்கான், அதுவும் பார்க்கத்தானே வேணும்” என்றார். நடுவில் வரும் குண்டுவெடிப்பு விசாரணை எனக்கு ஒட்டவே இல்லை. வில்லத்தனம் எதுவும் தேவைப்படாத கதைக்குள் ஒரு வில்லங்கத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல் இருந்தது. பேச்சு வழக்கைப் பொறுத்தவரை, இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது எங்கள் கரை. ஆகவே சசிகுமாரின் நாக்கில் மதுரை எட்டிப் பார்க்கும் இடங்களெல்லாம் எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டன. ஊராருக்கு முன் இலங்கைத் தமிழ் பேசக் கூடாது என்று யோகி பாபு அவர்களை அடக்கும் காட்சிகளில் சிரித்தாலும், முகாமிலிருந்து வந்து என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது. ஐந்துக்கு நான்கு.

அடுத்து, அதைப் பார்த்த சூட்டிலேயே அம்மா கேட்டதால் போட்ட 2002ஆம் ஆண்டுப் படமான 'கன்னத்தில் முத்தமிட்டால்'. மணிரத்னம் இயக்கத்தில் ஆறு தேசிய விருதுகள் பெற்ற இந்தப் படத்துக்கு நான் சான்றிதழ் தரத் தேவையில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில்தான் ஒன்று கண்ணில் பட்டது: அங்கே ராமேஸ்வரம் முகாமில் ஓர் அகதிப் பெண் விட்டுச்சென்ற குழந்தையை எடுத்து வளர்க்கும் தாய் சிம்ரன், 23 ஆண்டுகள் கழித்து, அதே கரையில் பிள்ளைகளோடு அகதியாக வந்து இறங்கும் தாயும் சிம்ரன். யாரும் திட்டமிட்டுச் செய்திருக்கமாட்டார்கள். இளைய வயதில் அவர் முகத்தில் இருந்த பதற்றம், இப்போது கேலியும் நிதானமுமாக மாறியிருப்பதை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரசிக்க முடியும்.

நந்திதா தாஸ் படகில் வந்து முகாமில் பிள்ளை பெறும் பகுதியை அம்மா நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். 1990இல் படகு படகாக மக்கள் வந்து இறங்கியபோது எங்கள் தெருவில் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனவர்களுள் அவரும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் யாருடைய முகமும் அவருக்கு இப்போது நினைவில்லை. நீட்டிய கஞ்சியை வாங்காமல், பிள்ளைக்குத் தலை துவட்ட முதலில் ஒரு துணி கேட்ட ஒருத்தியின் குரல் மட்டும் நினைவிருக்கிறதாம். தாயும் மகளும் சந்திக்கும் இறுதிக் காட்சியில் கீர்த்தனாவின் நடிப்பைப் பற்றி எழுதினால் நீண்டுவிடும். பாட்டுக்கும் போருக்கும் இடையே இரண்டாம் பாதி தாவுவது மட்டுமே எனக்குக் குறை. அதற்காக அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு நாலரை.

மூன்றாவது, சீனு ராமசாமி இயக்கிய 'நீர்ப்பறவை' (2012). சித்தப்பா முதல் ரகம் என்று சொன்ன ஒரே படம் இது. குடிகாரனாகத் திரியும் அருளப்பசாமி திருந்தித் தனக்கென்று ஒரு படகு வேண்டும் என்று அலைவதும், படகு கட்டும் உதுமான்கனியாகச் சமுத்திரக்கனி அவனுக்குத் துணை நிற்பதும்தான் அவருக்குப் பிடித்தவை. படகு என்பது மரமும் இரும்பும் அல்ல, கடன், மானம், பெண் கொடுக்கும் தகுதி எல்லாம் சேர்ந்தது என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. சொந்தப் படகு இல்லாதவனைக் கரையில் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், படகு வந்தபின் எப்படிக் கூப்பிடுவார்கள் என்கிற வேறுபாட்டை இங்கே எந்தச் சிறுவனும் அறிவான். கீழக்கரை, தொண்டி என்று கிறிஸ்தவரும் முஸ்லிமும் இந்துவும் ஒரே கரையில் தொழில் செய்யும் எங்கள் பக்கத்துக்கு, உதுமான்கனி நாடகத்தனமான பாத்திரமாகத் தோன்றவில்லை.

முதல் பாதியில் குடி சம்பந்தப்பட்ட காட்சிகள் நீளம். கத்தரித்திருந்தால் இருபது நிமிடம் மிச்சமாகியிருக்கும். கடலுக்குப் போன கணவனுக்காக எஸ்தர் கரையில் காத்திருக்கும் பகுதி தொடங்கியதும் சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 2017 மார்ச் மாதத்தில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் குண்டுபட்டு இறந்தபோது, அன்று எந்தப் படகு யாருடையது என்று தெரியும்வரை எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. படத்தின் முடிவைச் சொல்லப்போவதில்லை. நந்திதா தாஸ் நடித்த முதிய எஸ்தர் அத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்ததைப் படம் ஆர்ப்பாட்டமில்லாமல் வெளியே எடுக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சித்தப்பா ஐந்து, நான் மூன்றரை. சித்தியிடம் மதிப்பெண் கேட்கவில்லை.

கடைசியாக 'கிங்ஸ்டன்'. 2025 மார்ச் மாதத்தில்தான் வெளியானது, ஜி.வி. பிரகாஷ்குமார் நடித்துத் தயாரித்து இசையும் அமைத்திருக்கிறார். போனவர் திரும்பாத சாபக்கடல், அந்தச் சாபத்தை உடைக்கக் கிளம்பும் நாயகன் என்று கதைக்கரு நன்றாகவே இருக்கிறது. நான்கில் மிக அதிகமாகக் கடல் வருவதும், கடல் என்ற உணர்வே எனக்கு வராததும் இதில்தான். பனிமூட்டமும் நீல வெளிச்சமும் அலையை மறைத்துவிடுகின்றன. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று ஒரு காட்சியிலாவது தெரிந்தால்தானே படகில் இருப்பவனுக்காக நாம் பயப்பட முடியும்? சித்தப்பா அரை மணி நேரத்தில் வலை ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். என் அக்கா மகனுக்கு வயது பதினொன்று. பேய் வந்தபோதெல்லாம் போர்வைக்குள் போய்விட்டு, முடிந்ததும் ஐந்துக்கு ஐந்து என்றான். பிள்ளைகளோடு பார்க்கலாம் என்பதற்காக ஒன்று, முயற்சிக்காக ஒன்று, ஆக இரண்டு.

ஐந்தாவதாக ஒரு படத்தைத் தொடங்கினோம். தடை முடிகிற வாரம் என்பதால் கம்பெனியில் ஐஸ் கேட்டு ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது. சித்தப்பாவும் எஞ்சினைப் பார்க்கப் படகுக்குப் போய்விட்டார். இடைவேளையோடு நின்றுபோன அந்தப் படத்துக்கு மதிப்பெண் போடவில்லை.