விறகுக் கணப்பும் எரிவாயு பாய்லரும்: இணைப்பதா, தனித்து வைப்பதா?

இங்கிலாந்தின் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு பாய்லர் சூடாக்கும் நீர்தான் குழாய்கள் வழியே ரேடியேட்டர்களுக்குச் சென்று அறைகளைக் கதகதப்பாக வைக்கிறது. அத்தகைய வீட்டில் விறகுக் கணப்படுப்பும் வேண்டும் என்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. அடுப்பைத் தனியாக வைத்து ஓர் அறையை மட்டும் சூடாக்கலாம். அல்லது உள்ளே நீர்க்கலம் பொருத்திய அடுப்பை வாங்கி, அதன் வெந்நீரையும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பலாம். இரண்டாவது வழிதான் பலரையும் ஈர்க்கிறது. ஆயினும், பெரும்பாலோருக்கு முதல் வழியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

அறையின் சூட்டை அளந்து பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட் சொன்னவுடன் எரிவாயுத் தீ அணைந்துவிடும். விறகோ, காற்றுவழியை அடைத்த பின்னும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அந்த வேளையில் மின்சாரம் தடைபட்டு, நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் நின்றுபோனால், நீர்க்கலத்திலுள்ள நீர் கொதிக்கத் தொடங்கும். அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் வேண்டும் என்பதற்காகவே, பம்ப் இல்லாமலே வெந்நீர் தானாக மேலேறும் குழாய்ச் சுற்று, ஒருபோதும் மூடமுடியாத ஒரு ரேடியேட்டர், மேலே திறந்த விரிவுத் தொட்டி ஆகியவற்றைப் பொதுவாக அமைக்கிறார்கள். சேமிப்புத் தொட்டி இல்லாமல் ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் வெந்நீர் தரும் காம்பி பாய்லரோ மூடிய அழுத்தச் சுற்றில் இயங்குவது. ஆகவே இரண்டுக்கும் நடுவே வெப்பச் சேமிப்புத் தொட்டியோ, நீர் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் வெப்பப் பரிமாற்றியோ தேவைப்படுகிறது.

இதைவிட அடிப்படையான முரண்பாடு ரேடியேட்டர்களிலிருந்து திரும்பிவரும் நீரில் இருக்கிறது. விறகடுப்புக்கு அது ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வரவேண்டும். குறைந்தால் புகையிலுள்ள ஈரமும் தாரும் நீர்க்கலத்தின் சுவரில் படிந்து அதை அரிக்கும். புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் பாய்லரோ, திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் எரிவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். ஒன்றுக்கு நன்மையாவது மற்றொன்றுக்குக் கேடு என்பதால், கூடுதல் வால்வுகளும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் சேர்ந்து செலவை ஏற்றுகின்றன.

தனி அடுப்பில் இந்தச் சிக்கல்கள் எவையும் இல்லை; வேறொன்று உண்டு. வீட்டின் தெர்மோஸ்டாட் அடுப்பு இருக்கும் அறையிலேயே இருந்தால், அங்கே ஏறிய சூட்டைக் கண்டு பாய்லரை நிறுத்திவிடும். மாடியில் பிள்ளைகள் உறங்கும் அறை குளிர்ந்துபோகும். தெர்மோஸ்டாட்டை நடைக்கூடத்துக்கு மாற்றி, கணப்படுப்பு உள்ள அறையின் ரேடியேட்டரில் தனி வெப்பக்கட்டுப்பாட்டு வால்வு பொருத்தினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அடுப்பின் அளவிலும் கவனம் வேண்டும். நடுத்தர அறைக்கு 5 கிலோவாட் பெரும்பாலும் போதும். பெரிதாக வாங்கிவிட்டு, சூடு தாங்காமல் காற்றைக் குறைத்து எரித்தால் கண்ணாடி கருக்கும், புகைபோக்கியில் தார் படியும்.

நீர்க்கல அடுப்பு சிறப்பாகப் பயன்படும் வீடுகளும் இருக்கின்றன. எரிவாயுக் குழாய் எட்டாத கிராமத்தில் எண்ணெய் பாய்லரை நம்பி, சொந்த நிலத்தில் விறகு வெட்டி உலர்த்தி, பல நூறு லிட்டர் சேமிப்புத் தொட்டிக்கு இடமும் ஒதுக்கக்கூடியவர் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க, அதற்கென விலக்குப் பெற்ற அடுப்பே வேண்டும். விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் ஈரமானியின் முனைகளைக் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பட்டை உலர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.