மூக்கனேரி வரை போக எந்த சைக்கிள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பி கண்ணங்குறிச்சி மூக்கனேரி வரை. நேரம் இருந்தால் கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம், குரும்பப்பட்டி பூங்கா வரை. எங்கள் வீட்டுக்கு வேண்டிய சைக்கிள் பயணம் இவ்வளவுதான். ஓட்டுவது மூன்று பேர்: நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள். வாங்க நினைத்தது இரண்டு வண்டி. ஒன்று எனக்கு, இன்னொன்று அம்மாவுக்கும் மகளுக்கும் பொதுவாக.

கடை கடையாக ஏறி இறங்கினோம். தெரிந்தவர்களின் வண்டிகளை இரவல் வாங்கியும் ஓட்டிப் பார்த்தோம். கடைசிவரை போட்டியில் நின்றவை நான்கு: கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள், பட்டை டயர் எம்டிபி (மவுண்டன் பைக்), முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த ஹைப்ரிட் (ரேஸ் சைக்கிளும் எம்டிபியும் கலந்த வகை), ஷாக் இல்லாத ஹைப்ரிட்.

லேடீஸ் சைக்கிளைக் குறைவாக எடைபோடக் கூடாது. மட்கார்டு, செயின் கவர், கேரியர், கூடை, ஸ்டாண்டு, பூட்டு எல்லாம் வண்டியோடு வருகின்றன. சுடிதார் துப்பட்டா செயினில் சிக்காது. எந்தப் பஞ்சர் கடையிலும் வேலை முடியும். ஹைப்ரிட் வாங்கினால் இவற்றில் பாதியைத் தனியாகக் காசு கொடுத்துப் பூட்ட வேண்டியிருக்கும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற வீடு என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆனால் கோரிமேடு தாண்டி அடிவாரம் நோக்கிப் போகிற ரோட்டில் இது கைவிட்டது. பைக்கில் போகும்போது தெரியாத ஏற்றம், சைக்கிளில் முதல் நிமிடத்திலேயே முட்டியில் தெரியும். முன்னால் பெடல் வட்டில் 44 பல், பின்சக்கர வட்டில் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி சுமார் 5 மீட்டர் போகிறது. சமதரையில் அது நல்ல வேகம். ஏற்றத்தில் அதே 5 மீட்டருக்கும் முழு உடம்பையும் தூக்கி மிதிக்க வேண்டும். மனைவி இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தார். மகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. பிளஸ் ஒன் போனதும் விலையில்லா சைக்கிள் ஒன்று எப்படியும் வீட்டுக்கு வரும், அதுவும் கியர் இல்லாததுதான். சரி, இதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

எம்டிபி மகளின் ஆசை. கடைகளில் முதலில் இழுத்துக் காட்டுவதும் அதைத்தான். ஏற்றத்தில் லேசாக மிதிக்கக் கியர் தாராளம், அடிவார ரோட்டில் மூச்சு வாங்காமல் ஏறியது. ஏரிக்கரையின் சரளையிலும் புழுதியிலும் நல்ல பிடிப்பு. தார் ரோட்டுக்கு வந்ததும் அதே டயரின் முட்டுகள் ஒவ்வொன்றும் தரையில் தேய்ந்து, ஒருவித உறுமலோடு வண்டியைப் பின்னால் இழுக்கின்றன. எங்கள் பாதையில் பெரும்பகுதி தார். திரும்பி வரும்போது, ஹைப்ரிடில் போன எனக்குப் பின்னால் மகள் அரை ஃபர்லாங் தள்ளி வந்துகொண்டிருந்தாள், நான் கூடுதலாக எதுவும் மிதிக்காமலே. ஏற்காட்டில் காபித் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டுகிறவர்களுக்கு எம்டிபிதான் சரி. எங்களுக்கு அது பொருந்தவில்லை.

இனி ஹைப்ரிட். ரேஸ் சைக்கிளின் பெரிய சக்கரம், எம்டிபியின் நேரான ஹேண்டில்பார், இரண்டுக்கும் நடுவில் 32 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர். முதுகு அதிகம் குனியாமல், தலை நிமிர்ந்து ஓட்டலாம். பின்னால் வரும் மகளைத் திரும்பிப் பார்க்க இந்த உட்காரும் நிலை எவ்வளவு உதவுகிறது என்பது ஓட்டினால்தான் புரியும்.

ஷாக் வேண்டுமா, வேண்டாமா? எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடிய வாக்குவாதம் இதுதான். "ஷாக் இல்லாத வண்டி எடுத்தா அப்புறம் வருத்தப்படுவீங்க சார், நம்ம ஊர் ரோடு அப்படி" என்றார் ஒரு கடைக்காரர். அவர் சொன்ன ரோட்டிலேயே, வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட பள்ளங்களும் உள்ள ஒரே நீளத்தில், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். பெரிய பள்ளத்தில் ஷாக் வண்டி கைக்கு இதமாக இருந்தது, மறுக்கவில்லை. ஏற்றத்தில் நிலைமை மாறியது. ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் அமுங்கி எழுந்தது, காலின் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றது. நாங்கள் பார்த்த மாதிரி வண்டிகளில் வருகிற ஷாக் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான், வண்டிக்கு ஒன்றிரண்டு கிலோ எடையையும் கூட்டிவிடும். தூசி புகுந்து இறுகிப்போனால் சரிசெய்யத் தெரிந்தவர்களும் குறைவு.

அப்புறம் ஷாக் இல்லாத வண்டியின் 38 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தோம். கடையில் 70 பி.எஸ்.ஐ. அடித்து வைத்திருந்தார்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவைப் பார்த்துவிட்டு 50க்கு இறக்கினோம். சின்ன அதிர்வுகளில் பெரும்பகுதி போய்விட்டது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் ஷாக் வண்டியைச் சிபாரிசு செய்வேன். மற்றவர்கள் அந்தக் காசை நல்ல டயரில் போடலாம்.

கியர் விஷயத்தில் '21 கியர்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. எண்ணிக்கையை விட்டுவிட்டு, முன்னால் உள்ள சின்ன வட்டின் பற்களையும் பின்னால் உள்ள பெரிய வட்டின் பற்களையும் எண்ணுங்கள். நாங்கள் பார்த்த ஹைப்ரிடில் இரண்டும் 28. பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர். எம்டிபியில் 24க்கு 28, அதாவது சுமார் 1.8 மீட்டர். லேடீஸ் சைக்கிளின் 5 மீட்டரோடு இவற்றை வைத்துப் பார்த்தால், மனைவி ஏன் இறங்கித் தள்ளினார் என்பது விளங்கிவிடும். ஹைப்ரிடின் பின்வட்டை 34 பல் உள்ளதாக மாற்றினால் அதுவும் 1.8க்கு வந்துவிடும். பின்பக்கம் கியரை மாற்றும் கருவி 34 பல்லுக்கு இடம் கொடுக்குமா, செயினையும் நீளமாக்க வேண்டுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் எங்களுக்குப் போதும். கட்டை மலிவு, மாற்றுவதும் எளிது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் இறங்கப் போகிறவர்கள் டிஸ்க் பிரேக்கே வாங்குங்கள். தொடர்ந்து பிடித்தபடி இறங்கினால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கக்கூடும்.

டயரில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குல டயரும், ஹைப்ரிடின் 700சி டயரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சில கடைகளில் இரண்டையுமே 28 என்றுதான் சொல்கிறார்கள். பழைய சைக்கிளின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், ஹைப்ரிடில் 622. ஒன்று மற்றதில் சேராது. அதனால் டியூப் ஒன்றும் டயர் ஒன்றும் உபரியாக வீட்டில் வைத்திருப்பது நல்லது. டியூப் வாங்கும்போது பைக் டியூபில் உள்ள அதே வால்வா என்று பாருங்கள், பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். ஏரிக்கரைப் பக்கம் சீமைக்கருவேல முள் அதிகம். டயர் அகலமாக இருந்தாலும் முள் ஏறத்தான் செய்யும். உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயராகக் கேளுங்கள்.

கடைசியில் ஷாக் இல்லாத ஹைப்ரிட் இரண்டு எடுத்தோம். எனக்குக் குறுக்குக்கம்பி உள்ளது. அவர்களுக்குக் கம்பி தாழ்ந்த சின்ன ஃப்ரேம். ஒருவர் ஓட்டி இறங்கியதும் அடுத்தவர் கருவி இல்லாமலே சீட்டை ஏற்றி இறக்க லீவர் இருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் சரியான உயரம். இரண்டு பேருக்கும் உரிய உயரத்தை சீட் தண்டில் வண்ண நாடா ஒட்டி மகள் குறித்து வைத்திருக்கிறாள். மட்கார்டும் கேரியரும் பூட்டியாகிவிட்டது. 34 பல் வட்டு இந்த மாதம் வந்ததும் அவர்கள் வண்டியில்தான் முதலில் போடப் போகிறோம்.